இரவெல்லாம் குரைக்கப் பிறந்த நாய்: திபெத்திய மாஸ்டிஃப் வாங்க ஆசைப்படுவோருக்கு ஒரு திறந்த மடல்



2013 ஆகஸ்ட் மாதம் சீனாவின் ஹெனான் மாகாணத்தில், லுவோஹே என்ற ஊரிலுள்ள விலங்குக் காட்சிசாலைக்கு ஒரு தாய் தன் மகனை அழைத்துப் போனார். எந்த விலங்கு எப்படிக் குரல் கொடுக்கும் என்று பிள்ளைக்குக் காட்ட நினைத்திருந்தார். ‘ஆப்பிரிக்கச் சிங்கம்’ என்று பலகை மாட்டிய கூண்டின் முன்னால் போய் நின்றார்கள். உள்ளே இருந்தது குரைத்தது. சிங்கத்தை இனப்பெருக்கத்துக்காக வேறிடம் அனுப்பியிருப்பதாகவும், அந்த இடைவெளியில் ஊழியர் ஒருவருடைய திபெத்திய மாஸ்டிஃபைக் கூண்டில் விட்டுவைத்ததாகவும் பிறகு விளக்கம் வந்தது. உலகமெங்கும் ஓடிய செய்தி அது.

2018இல் இன்னொன்று வந்தது. யுன்னான் மாகாணத்தின் குன்மிங் நகரை ஒட்டி வாழும் ஒரு குடும்பம், சுற்றுலா போன இடத்தில் மாஸ்டிஃப் குட்டி என்று நம்பி ஒன்றை வாங்கிவந்து இரண்டு ஆண்டு வளர்த்தது. நாளொன்றுக்கு ஒரு பெட்டிப் பழமும் இரண்டு வாளி நூடுல்சும் தின்று அது நூறு கிலோவைத் தாண்டியது. பின்னங்கால்களில் எழுந்து நடக்கவும் ஆரம்பித்தது. அது ஆசியக் கருங்கரடி. கடைசியில் அதிகாரிகள் வந்து மீட்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சிங்கத்தோடும் கரடியோடும் ஆள்மாறாட்டத்தில் சிக்கியது ஒரே இனம். மக்கள் பார்த்தது அதன் முடியையும் பருமனையும்தான். முடிக்கு உள்ளே இருக்கும் நாயைத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களைப் பார்த்துக் குட்டிக்கு முன்பணம் கட்டத் தயாராக இருப்பவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறீர்கள் என்பதால், அந்த நாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அளவு. விளம்பரங்கள் சொல்லும் பூதாகாரம் அசல் நாயிடம் கிடையாது. அமெரிக்க கென்னல் கிளப்பின் கணக்குப்படி, வளர்ந்த ஆண் நாய் தோள்பட்டையில் குறைந்தது 26 அங்குல உயரம் இருக்க வேண்டும், பெட்டை 24 அங்குலம். எடை ஆணுக்கு ஏறத்தாழ 41 முதல் 68 கிலோ, பெட்டைக்கு 32 முதல் 54 கிலோ. இதே மாஸ்டிஃப் என்ற பெயரோடு இங்கிலாந்தில் உருவான இனத்தின் ஆண் நாய்கள் நூறு கிலோவைக்கூடத் தொடும். அந்தக் கனம் திபெத்திய நாய்க்கு வராது, வரவும் கூடாது. தடித்த கழுத்து, அகன்ற தலை, முதுகின்மேல் சுருண்டு விழும் வால், கழுத்தையும் தோளையும் சூழ்ந்த பிடரிமயிர் இவையெல்லாம் உண்டுதான். ஆனால் உள்ளே இருக்கும் உடம்பு சரிவுகளில் ஏறி இறங்கும் மலை நாயின் உடம்பு. உருண்டு திரண்டு நடக்கத் திணறும் ஒன்றைக் காட்டி ‘இதுதான் ஒரிஜினல் லைன்’ என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

இந்த இனத்தின் குணங்களைப் புரிந்துகொள்ள அது வேலை பார்த்த இடத்துக்குப் போக வேண்டும். திபெத்தியப் பீடபூமியின் சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டருக்கும் அதிகம். ஊட்டியின் உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காற்று வறண்டது, மரம் அரிது, கோடையிலும் இரவில் குளிர் கடிக்கும். துரோக்பா எனப்படும் மேய்ச்சல் நாடோடிகள் அங்கே யாக், செம்மறி, வெள்ளாட்டு மந்தைகளோடு புல்லைத் தேடி நகர்ந்துகொண்டே இருந்தார்கள். யாக் மயிரில் நெய்த கறுப்புக் கூடாரம்தான் வீடு. அதற்குக் கதவும் பூட்டும் இல்லை. ஆடுமாடு அடையும் இடத்துக்குச் சுவரும் இல்லை. சுற்றிலும் ஓநாய், பனிச்சிறுத்தை, பழுப்புக் கரடி. போதாதற்குக் கால்நடைத் திருடர்கள்.

சுவர் செய்ய வேண்டிய வேலையை அங்கே நாய் செய்தது. மந்தையை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போவது அதன் பொறுப்பில் சேராது. பகலில் கூடாரத்தின் அருகே முளையடித்துக் கட்டிப்போடுவார்கள். பெரும்பாலும் தூங்கும். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். விடியும்வரை கூடாரத்தையும் மந்தையையும் சுற்றிச்சுற்றி வரும், நின்று மோப்பம் பிடிக்கும், குரைக்கும். சிவப்புச் சாயமேற்றிய யாக் மயிரால் செய்த தடித்த கழுத்துவளையம் அதற்கு அணிவிப்பது வழக்கம். பார்க்க அழகு, ஓநாய் தொண்டையைக் கவ்வ வந்தால் பற்களுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தடுப்பு. இமயத்தின் இந்தியப் பக்கத்தில், இமாசலப் பிரதேச, உத்தராகண்ட் மேய்ப்பர்கள் தங்கள் மலை நாய்களுக்கு ஆணி வைத்த இரும்பு வளையம் மாட்டுவார்கள். அங்கே எதிரி சிறுத்தை.

இப்போது ஒவ்வொரு குணமாகப் பாருங்கள். குரைப்பதுதான் இந்த நாயின் முதல் ஆயுதம். ஓநாயோடு கட்டிப் புரண்டால் காயம் இரண்டு பக்கமும்தான். காயம்பட்ட நாயால் நாளை இரவு காவல் காக்க முடியாது. ஆகவே தூரத்திலேயே நிறுத்திவிடுவதற்காக ஆழ்ந்த, கனத்த, வெகுதூரம் கேட்கும் குரலில் அது எச்சரித்துக்கொண்டே இருக்கும். தூரத்துச் சலசலப்புக்கும் குரைக்கும், எதுவும் இல்லாதபோதும் ‘நான் இருக்கிறேன்’ என்று குரைக்கும். அப்படிக் குரைத்த நாயின் குட்டிகளைத்தான் மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டார்கள். சமவெளியில் பிறந்து, கிண்ணத்தில் சோறு தின்று வளர்ந்த குட்டியும் வயது வந்ததும் இரவு பத்து மணிக்கு மேல் இதைத்தான் செய்யும். பயிற்சியாளர் வைத்து நிறுத்திவிடலாம் என்று விற்பவர் சொல்வார். ஓரளவு குறைக்கலாம். இரவில் வீட்டுக்குள் படுக்க வைத்தால் இன்னும் குறையும். நிறுத்த முடியாது.

அடுத்தது பிடிவாதம். பலரும் இதை அறிவுக்குறைவு என்று எண்ணிவிடுகிறார்கள். லாப்ரடாரும் அல்சேஷனும் மனிதன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்வதற்கென்றே உருவான இனங்கள். ‘அடுத்து என்ன?’ என்று அவை கேட்டுக்கொண்டே இருக்கும். திபெத்திய மாஸ்டிஃப் வேலை செய்த நேரத்தில் எசமானர் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். வருவது ஓநாயா, வழிதவறிய ஆட்டுக்குட்டியா, அடுத்த கூடாரத்துக்காரரா என்று இருட்டில் அதுவே முடிவெடுக்க வேண்டும். சொன்னதைப் புரிந்துகொள்ள அதற்கு அதிக நேரம் ஆகாது. செய்ய வேண்டிய அவசியம் இருக்கிறதா என்று யோசிக்கத்தான் நேரம் எடுத்துக்கொள்ளும். உட்கார் என்றால் இரண்டு தடவை உட்காரும்; மூன்றாம் தடவை திரும்பிப் போய்விடும். அதட்டினாலும் அடித்தாலும் பயன் இல்லை. அடிவாங்கிய மாஸ்டிஃப் உங்கள்மீது நம்பிக்கை இழந்துவிட்டால், ஐம்பது கிலோ எடையுள்ள அவநம்பிக்கையோடு ஒரே வீட்டில் வாழ வேண்டியிருக்கும். இந்த இனத்தை நன்கு அறிந்தவர்கள் திறந்த வெளியில் கயிறில்லாமல் இதை விடவே மாட்டார்கள். ‘வா’ என்று கூப்பிட்டால் வந்துதான் ஆக வேண்டும் என்ற எண்ணம் அதற்கு இல்லை.

விருந்தாளி விஷயம் இன்னும் நுட்பமானது. கூடாரத்தில் யார் யார் உண்டு என்று அதற்கு நிச்சயமாகத் தெரியும். மற்றவர்கள் எல்லோரும் மற்றவர்கள்தான். பகலில் நீங்கள் கைகுலுக்கி உள்ளே அழைத்து வந்தவரை அது விலகி நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். அதே ஆள் மறுநாள் நீங்கள் இல்லாதபோது கேட்டைத் திறந்தால் விட்டுவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வீட்டுப் பிள்ளைகளிடம் வியக்கத்தக்க பொறுமை காட்டும். ஆனால் பிள்ளைகளின் சிநேகிதர்கள் வந்து ஓடிப்பிடித்து, கத்தி, கட்டிப் புரண்டு விளையாடும்போது, தன் பிள்ளையை யாரோ தாக்குகிறார்கள் என்று அது புரிந்துகொள்ளக்கூடும். நம் வீடுகளில் பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், அத்தை, சித்தப்பா, மாடிக் குடித்தனம் என்று நாளெல்லாம் ஆள் நடமாட்டம். குட்டியாக இருக்கும்போதே நூறு முகங்களைக் காட்டிப் பழக்க வேண்டும். அதற்குப் பிறகும் கவனம் தேவைப்படும் நாய் இது.

வேலி தாண்டுவது, மண் தோண்டுவது, கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்ப்பது எல்லாம் உண்டு. காவல் எல்லை எது என்பதை உங்கள் பத்திரத்தைப் பார்த்து அது முடிவு செய்யாது. கண்ணுக்கும் மூக்கிற்கும் எட்டும்வரை தன்னுடையது என்று நினைக்கும். ஆறடிச் சுவராவது வேண்டும்.

உடம்பைப் பற்றிய ஒரு செய்தி இந்த இனத்தின்மீது உண்மையான வியப்பைத் தருவது. 4,000 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். சமவெளி விலங்கு அங்கே போனால் சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் தடித்துத் தொல்லை வரும். திபெத்திய மனிதர்களை அதிலிருந்து காப்பது ‘ஈபாஸ்1’ என்ற மரபணுவின் ஒரு தனி வடிவம். அழிந்துபோன டெனிசோவன் மனித இனத்தோடு கலந்ததால் அது அவர்களுக்கு வந்தது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே மரபணுவில்தான் திபெத்திய மாஸ்டிஃபிலும் மாற்றம் இருக்கிறது. பீடபூமியிலேயே வெகுகாலம் வாழ்ந்து பழகிய சாம்பல் ஓநாய்களோடு இனம் கலந்ததில் நாய்க்கு அது கிடைத்தது. 2019இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் விளக்கினார்கள். இந்த நாயின் ஹீமோகுளோபினில் இரண்டே இரண்டு அமினோ அமில மாற்றங்கள், ஆக்சிஜனை இறுகப் பற்றும் திறனைக் கூட்டியிருக்கின்றன. அதுவும் ஓநாய் தந்த சொத்து. மனிதனும் அவன் நாயும் ஒரே மலைக்கு வந்து, இருவருமே அங்கே முன்பே குடியிருந்த தூரத்து உறவிடமிருந்து மூச்சுவிடும் வித்தையைப் பெற்றிருக்கிறார்கள்.

ஓநாயின் சாயல் இனப்பெருக்கத்திலும் உண்டு. பெரும்பாலான நாய் இனங்களில் பெட்டை ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். திபெத்திய மாஸ்டிஃப் பெட்டை ஒரே முறைதான், அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்துக்குச் சற்று முன். குட்டிகள் டிசம்பர், ஜனவரி வாக்கில் பிறக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க எந்த மாதம் கேட்டாலும் குட்டி தயார் என்று சொல்பவர் எதை விற்கிறார் என்று விசாரிக்க வேண்டும். வளர்ச்சியும் நிதானம். பெட்டை முழுமையடைய மூன்று ஆண்டு, ஆணுக்கு நான்கு ஆண்டு வரை ஆகும். பருமனுக்குச் சாப்பாடு குறைவு. சில நாள் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அடர்ந்த உள்முடியை ஆண்டுக்கு ஒருமுறை, வெயில் தொடங்கும்போது கொத்துக் கொத்தாக உதிர்க்கும். ஆயுள் சராசரியாகப் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டு.

வெளியுலகம் இந்த நாயை வெகுகாலம் கதையாகத்தான் கேட்டது. கழுதை அளவு பெரிய நாய்கள் திபெத்தில் உண்டு என்று மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பில் வருகிறது. 1847இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஹார்டிஞ்ச், ‘சைரிங்’ என்ற நாயை விக்டோரியா ராணிக்கு அனுப்பினார். 1928இல் சிக்கிமில் அரசியல் அதிகாரியாக இருந்த எஃப்.எம். பெய்லியும் அவர் மனைவியும் நான்கு நாய்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1931இல் அங்கே திபெத்திய நாய் இனங்களுக்கென ஒரு சங்கமும் உருவானது. உலகின் எல்லா மாஸ்டிஃப்களுக்கும் மூதாதை இதுவே என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அதற்குச் சான்று கிடையாது.

பிறகு வந்தது சீனாவின் பணம். அந்தக் கதையைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

2005இல் யாங் ஷிஜுன் எழுதிய ‘திபெத்திய மாஸ்டிஃப்’ நாவல் அங்கே பெரிய வெற்றி பெற்றது. 2011இல் அதைத் தழுவிய அனிமேஷன் படமும் ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்பில் வந்தது. வீரம், விசுவாசம், பீடபூமியின் தூய்மை என்று நகரத்துப் பணக்காரர்களின் மனத்தில் இந்த நாய் வேறொன்றாக வளர்ந்தது. 2011இல் சிங்டாவ் நகரில் பதினோரு மாதச் சிவப்புக் குட்டி ஒன்று ஒரு கோடி யுவானுக்கு விலைபோனதாகச் செய்தி. 2014 மார்ச்சில் செஜியாங் மாகாணத்தில் ஒரு வயதுப் பொன்னிற ஆண் நாய்க்கு ஒரு கோடியே இருபது லட்சம் யுவான். அந்த நாயின் எடை 90 கிலோ என்று பெருமையோடு சொன்னார்கள். முழு வளர்ச்சியடைந்த ஆணுக்கே 68 கிலோதான் மேல் எல்லை என்று மேலே பார்த்தோம். ஒரு வயதுக் குட்டியின் எலும்பும் மூட்டும் எதைச் சுமந்துகொண்டிருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். இந்த விலைகளில் சில வியாபாரிகளே தங்களுக்குள் பேசிவைத்து ஏற்றியவை என்ற சந்தேகம் அங்கேயே எழுந்தது.

விலை ஏறியதும் நாய் மாறியது. வாங்குபவர் கேட்டது சிங்கப் பிடரி, தொங்கும் முகம், பிரம்மாண்டம். விற்பவர்கள் செயிண்ட் பெர்னார்டு போன்ற கனத்த இனங்களோடு கலந்தார்கள். முடிக்குச் சாயம் பூசினார்கள், ஒட்டுமுடி வைத்தார்கள். முகத் தோலைத் திருத்தும் அறுவைக்குப் போன நாய்கூட உண்டு. இருட்டில் ஓநாயை எதிர்க்கும் துணிவும் சரிவில் ஏறும் கால்களும் சந்தையில் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒரு நல்ல வேலை நாயை இப்படிச் சிதைத்தது படித்த, வசதியான மக்களின் ஆசை என்பது வேதனையான விஷயம்.

மோகம் கலைய அதிக காலம் ஆகவில்லை. ஊழல் ஒழிப்பு நடவடிக்கைகள் ஆடம்பரப் பரிசுகளைப் பயத்துக்குரியவை ஆக்கின. நகரங்கள் பெரிய நாய்களுக்குக் கட்டுப்பாடு விதித்தன. பெய்ஜிங்கின் மையப் பகுதிகளில் 35 சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள நாயை வீட்டில் வைக்கவே அனுமதி இல்லை. எல்லோரும் பண்ணை வைத்துக் குட்டி போட்டதில் சரக்கு குவிந்தது. 2015இன் தொடக்கத்தில் பெய்ஜிங்குக்கு வெளியே விலங்கு நல ஆர்வலர்கள் ஒரு லாரியை மறித்தபோது, கோழி ஏற்றும் கம்பிக் கூண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட மாஸ்டிஃப்கள் திணிக்கப்பட்டிருந்தன. போய்க்கொண்டிருந்த இடம் இறைச்சிக் கூடம்.

பீடபூமியில் நடந்தது இன்னும் மோசம். விலைபோகாத நாய்களைப் பண்ணைக்காரர்கள் அவிழ்த்துவிட்டார்கள். நாடோடிகள் பலரும் அரசு கட்டிய குடியிருப்புகளுக்கு இடம்பெயர்ந்துவிட்டதால் காவலுக்கும் தேவை குறைந்திருந்தது. நாய்கள் கூட்டம் கூட்டமாக மடாலயங்களைச் சுற்றியும் குப்பைமேடுகளிலும் திரிந்தன. துறவிகள் தங்களால் இயன்றதைப் போட்டு உயிர்காத்தார்கள். தெருநாய்கள் வழியே மனிதருக்குப் பரவும் நாடாப்புழு நோய், கல்லீரலில் நீர்க்கட்டியாக வளர்ந்து ஆளைக் கொல்வது, உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் பகுதிகளில் ஒன்று திபெத்தியப் பீடபூமி. ஆட்டைக் காத்த நாயின் சந்ததி ஆட்டைக் கடித்தது. பனிச்சிறுத்தையின் இரையையும் பங்குபோட்டது. நாயின்மீது குற்றம் இல்லை.

இனி நம் ஊர். நாய் தன் உடம்பைக் குளிர்விப்பது பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலம்தான். ஈரம் ஆவியாகும்போது சூடு குறையும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது மந்தப்படும். நாய் இரைத்துக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. அதன்மேல் குளிருக்கென்றே அமைந்த இரட்டை முடி. ஏ.சி. அறையில் வைப்போம் என்கிறீர்கள். வைக்கலாம். எல்லை சுற்றி வருவதற்கென்று பிறந்த நாய், மார்ச் முதல் செப்டம்பர் வரை பத்துக்குப் பத்து அறையில் கிடக்கும். மின்வெட்டு வரும் பிற்பகலில் அது உயிர்ப் பிரச்சினை. கொடைக்கானலில் தோட்டத்தோடு வீடு இருக்கிறது என்பவர்களின் நிலைமை கொஞ்சம் தேவலை. ஆனால் இரவுக் குரைப்பு அங்கேயும் அதேதான்.

சட்டமும் நிலையில்லாமல் இருக்கிறது. 2024 மார்ச் மாதம் மத்திய கால்நடை பராமரிப்புத் துறை, ஆபத்தானவை என்று 23 நாய் வகைகளைப் பட்டியலிட்டு, அவற்றின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனைக்குத் தடை விதிக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மாஸ்டிஃப்கள் என்று பொதுவாகவே அதில் இருந்தது. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் நாய்க்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்றும் சொன்னது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்கவில்லை என்பதால் ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனப் பெயரை வைத்துத் தடை போடுவது சரியான வழி அல்லதான். ஆனாலும் அடுத்த சுற்றறிக்கை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பத்து ஆண்டு வாழப்போகும் ஒரு உயிரை வாங்கும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

காவலுக்கு நாய் வேண்டும் என்பது நியாயமான தேவை. இந்த வெயிலில் பிறந்து, இந்த வெயிலிலேயே ஓடிய ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இருக்கின்றன. கோம்பை காவலுக்குப் பேர்போனது. இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. வாங்குபவரின் கண் ஒரு இனத்தை என்ன செய்யும் என்பதற்கு நம்மிடமே எடுத்துக்காட்டு உண்டு. பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு வேண்டும் என்று தலைமுறைகளாகக் கேட்டுக் கேட்டு வாங்கியதில், ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு பரவிவிட்டது. வெள்ளை நிறத்துக்குக் காரணமான மரபுக்கூறுகள் காதையும் பாதிக்கின்றன. ஆகவே நாட்டு நாய் வாங்கப் போனாலும் முதலில் குட்டியின் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பாருங்கள். நிறம் பிறகு.

ஏற்கெனவே திபெத்திய மாஸ்டிஃபை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தவிப்பவர்களும் இந்த மடலைப் படிக்கலாம். உங்களைக் குற்றம் சொல்ல இது எழுதப்படவில்லை. வெயிலுக்கென்று முடியை ஒட்ட மழித்துவிடாதீர்கள். தோல் வெந்துபோகும், முடி பழையபடி வளராமலும் போகலாம். உள்முடி உதிரும் பருவத்தில் தினமும் நன்றாகச் சீவி எடுத்தால் காற்று உள்ளே போகும். நடை விடியற்காலையில் மட்டும். குட்டி சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்று கால்சியம் மாத்திரையும் கொழுப்பும் ஊட்டினால் மூட்டு கோணும். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் ஏற்கெனவே உண்டு. நாய் மந்தமாகி, எடை ஏறி, முடி மங்கினால் வயது என்று விட்டுவிடாமல் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். வளர்க்கவே முடியாத நிலை வந்தால் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டு வருவது மட்டும் வேண்டாம். இடமும் அனுபவமும் உள்ள ஒருவரைத் தேடிப் பிடிக்க மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களை அதற்குக் கொடுங்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகும் சிலருக்கு ஆசை போகாது. அப்படிப்பட்டவர்களில் இடம், நேரம், பொறுமை மூன்றும் உள்ள நல்ல வளர்ப்பாளர்கள் இருப்பார்கள் என்பதும் உண்மை. விற்பவரிடம் சில விஷயங்களை விடாமல் கேளுங்கள். தாய் நாய்க்கும் தந்தை நாய்க்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா? 1980களில் இந்த இனத்தில் ஒரு நரம்பு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு மாதக் குட்டியாக இருக்கும்போதே பின்னங்கால்கள் தளர்ந்து எழ முடியாமல் போகும். நோய் வெளியே தெரியாத பெற்றோர் இருவரும் அதைச் சுமந்திருந்தால் குட்டிக்கு வரலாம். அந்த வம்சத்தில் அப்படி ஏதாவது நடந்ததா? பெட்டைக்கு எத்தனை முறை குட்டி எடுத்திருக்கிறார்கள்? பதில்களைக் காகிதத்தில் வாங்குங்கள். பிறகு மே மாதம் நண்பகலில் பண்ணைக்குப் போய்த் தாய் நாயின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அன்றைக்கே இரவு பதினோரு மணிக்கு மறுபடியும் போங்கள். இதற்கு விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் முன்பணம் கட்ட வேண்டாம்.